பெரம்பலூர் ஓட்டு ஜெனீவா வரை போகுமா?

2013 மார்ச் மாதம், பெரம்பலூர் எம்.பி.யாக இருந்த நெப்போலியன் மத்திய இணை அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். அவர் பார்த்துவந்தது சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை. அந்தத் துறையிலும் தகராறு இல்லை, தொகுதியிலும் தகராறு இல்லை. காரணம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இருந்தது. அங்கே ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் இலங்கை குறித்து ஒரு தீர்மானம் வரவிருந்தது. அதைக் கடுமையாக்க இந்தியா திருத்தம் கொண்டுவர வேண்டும் என்று தி.மு.க. கேட்டது. மன்மோகன் சிங் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. மார்ச் 19-ல் தி.மு.க. தன் 18 மக்களவை உறுப்பினர்களின் ஆதரவை விலக்கிக்கொண்டது. நெப்போலியனோடு சேர்த்து அக்கட்சியின் ஐந்து அமைச்சர்கள் வெளியேறினார்கள்.

பெரம்பலூரில் ஓட்டுப் போட்டவர்கள் ரேஷன், சாலை, குடிநீர், சாதி, கட்சி, கூட்டணி என்று பலதையும் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். அந்த ஓட்டு எப்படி ஜெனீவா வரை போனது? போய் எதையாவது மாற்றியதா? உள்நாட்டுத் தேர்தல் அரசியல் ஒரு நாட்டின் வெளியுறவு முடிவுகளை எந்த அளவுக்கு வளைக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்தே தொடங்கலாம்.

சட்டத்தில் இடமில்லை, கணக்கில் உண்டு

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி வெளியுறவு, போர், சமாதானம், பிற நாடுகளோடு ஒப்பந்தம் எல்லாம் மத்திய அரசின் பட்டியலில் உள்ளவை. மாநில அரசுக்கு அதில் அதிகாரம் கிடையாது. தமிழகச் சட்டமன்றம் எத்தனை தீர்மானம் போட்டாலும் டெல்லியை அது கட்டுப்படுத்தாது.

ஆனால் டெல்லி அரசு மக்களவைப் பெரும்பான்மையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 543 இடங்களில் 272 வேண்டும். 2009 தேர்தலில் காங்கிரஸ் பிடித்தது 206. மீதியைக் கூட்டணிக் கட்சிகளும் வெளியிலிருந்து ஆதரித்த கட்சிகளும்தான் கொடுத்தன. அங்கேதான் தமிழகத்தின் 39 இடங்களுக்கு விலை வருகிறது. அந்த 39-ல் பெரம்பலூர் ஒன்று. அரியலூர் மாவட்டத்துக்குத் தனித் தொகுதி இல்லை. அரியலூர், ஜெயங்கொண்டம் சட்டமன்றத் தொகுதிகளும், பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னமும் சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன.

சட்டம் மூடிவைத்த கதவை எண்ணிக்கை திறக்கிறது. ஆனால் எப்போதும் திறப்பதில்லை.

ஜெனீவாவில் இந்தியா போட்ட நான்கு ஓட்டுகள்

இலங்கைப் போர் முடிந்த சில நாட்களில், 2009 மே 27 அன்று மனித உரிமைகள் கவுன்சிலின் சிறப்புக் கூட்டத்தில் இந்தியா இலங்கைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. 2012 மார்ச்சில் இலங்கையைப் பொறுப்பேற்கச் சொல்லும் அமெரிக்கத் தீர்மானத்தை ஆதரித்தது. 2013 மார்ச்சிலும் அப்படியே. 2014 மார்ச்சில் யார் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டது. நான்கு முறையும் பிரதமர் மன்மோகன் சிங்தான். பிறகு ஏன் இத்தனை மாற்றம்?

2012-ல் தமிழகத்தில் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் ஒரே குரலில் கேட்டன. கூட்டணியில் தி.மு.க. இருந்தது. ஆதரவாக ஓட்டுப் போடும் எண்ணத்தைப் பிரதமரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே நேரம், ஐ.நா. தரும் உதவியும் ஆலோசனையும் இலங்கை அரசின் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும் என்ற வாசகத்தைத் தீர்மானத்தில் சேர்க்கவும் இந்தியா முயன்றது, சேர்த்தும் விட்டது. சென்னைக்கு ஓட்டு, கொழும்புக்கு வாசகம். இரு பக்கத்தையும் சமாளித்த முடிவு அது.

2013-ல் தி.மு.க. கேட்டது ஓட்டை மட்டுமன்று. நடந்தது இனப்படுகொலை என்று தீர்மானத்தில் எழுத வேண்டும், சர்வதேச விசாரணை வேண்டும் என்றது. லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் டெல்லி திருத்தம் கொண்டுவரவில்லை. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளியிலிருந்து தாங்கியதால் ஆட்சி கவிழவும் இல்லை. தீர்மானத்துக்கு மட்டும் ஆதரவாக ஓட்டு விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு நடந்தது. மக்களவைத் தேர்தலுக்கு ஆறு மாதமே இருந்தது. போகக் கூடாது என்று தமிழகத்தைச் சேர்ந்த காங்கிரஸ் அமைச்சர்கள் சிலரே சொன்னார்கள். பிரதமர் போகவில்லை. ஆனால் மாநாட்டை இந்தியா புறக்கணிக்கவும் இல்லை. வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார்.

2014 தீர்மானம் ஐ.நா. அலுவலகமே விசாரணை நடத்த வேண்டும் என்றது. அது நாட்டின் இறையாண்மையில் தலையிடுவது என்று இந்தியா காரணம் சொல்லி ஒதுங்கியது. அந்தக் காரணத்தைப் பொய் என்று தள்ள முடியாது. காஷ்மீரை மனதில் வைத்து டெல்லி நெடுங்காலமாகவே பேசிவரும் மொழி அது. ஆனால் அந்தச் சமயத்தில் காங்கிரசோடு தமிழகத்தில் எந்தப் பெரிய கட்சியும் இல்லை என்பதும் உண்மை. இழப்பதற்குக் கூட்டணி இல்லாதபோது பழைய கொள்கைக்குத் திரும்புவது சுலபமாகிவிட்டது. அடுத்து வந்த தேர்தலில் காங்கிரசுக்குத் தமிழகத்தில் ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

பின்னால் வந்த பா.ஜ.க. அரசும் 2021 மார்ச்சில், தமிழகச் சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்தபோதே, இதே கவுன்சிலில் ஒதுங்கித்தான் நின்றது. அதன் மத்திய ஆட்சி தமிழக எம்.பி.க்களை நம்பி இருக்கவில்லை.

எம்.பி.க்கள் இருந்தும் 2009-ல் போரை ஏன் நிறுத்த முடியவில்லை?

இந்தக் கேள்வியை அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். செந்துறைப் பக்கத்து அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் 2009 ஜனவரியில் போர் நிறுத்தம் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார். சில மாதங்களில் அதே காங்கிரஸ் இடம்பெற்ற தி.மு.க. கூட்டணியில் நின்று சிதம்பரத்தில் வென்றார். ஈழத்துக்காகப் பேசும் கட்சிகளுக்கும் தொகுதிக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. தனியாக நின்றால் குரல் இருக்கும், எம்.பி. இருக்க மாட்டார்.

தி.மு.க.வின் கட்டு இன்னும் இறுக்கமானது. 2006 சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி ஜெயித்தது 96 இடம்தான். காங்கிரசின் 34 உறுப்பினர்கள் தாங்கித்தான் சென்னையில் கருணாநிதி ஆட்சி நடந்தது. டெல்லியில் காங்கிரசுக்குத் தி.மு.க. வேண்டும், சென்னையில் தி.மு.க.வுக்குக் காங்கிரஸ் வேண்டும். 2008 அக்டோபரில், போர் நிற்காவிட்டால் இரண்டு வாரத்தில் தமிழக எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கெடு வைத்தது. இலங்கை அதிபரின் தம்பி பசில் ராஜபக்ச டெல்லி வந்து பேசிவிட்டுப் போனார். ராஜினாமா நின்றது, போர் நிற்கவில்லை.

2011-ல் தி.மு.க. மாநில ஆட்சியை இழந்தது. அதன்பின் காங்கிரசை விட்டு விலகினாலும் சென்னையில் இழக்க ஒன்றுமில்லை. 2013-ல் துணிந்து விலக முடிந்ததற்கு மாணவர் போராட்டம் ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

ஆக, எத்தனை எம்.பி. என்பது பாதிக் கேள்விதான். யாருக்கு யார் தேவை, விலகிப் போனால் யாருக்கு அதிக நஷ்டம் என்பது மீதிக் கேள்வி.

வாக்காளர்கள் பக்கத்தையும் மறக்கக் கூடாது. 2009 தேர்தல் மேடையில் ஜெயலலிதா தனி ஈழம் அமைப்பேன் என்றார். மே 13 அன்று, போரின் கடைசி நாட்களில், தமிழகம் ஓட்டுப் போட்டது. தி.மு.க. கூட்டணிக்கு 27 இடம், எதிரணிக்கு 12. மனம் வெந்து நின்ற மக்களும் ஓட்டுச் சாவடிக்குள் பல காரணங்களோடுதான் போனார்கள். டெல்லி அதைக் கவனிக்காமல் இருக்காது.

ஓட்டே இல்லாதவர்களுக்கு என்ன நேரும்?

ஓட்டின் வலிமையை அறிய, அது பறிக்கப்பட்டவர்களின் கதையைப் பார்க்க வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களில் பழைய திருச்சி மாவட்டத்துக்காரர்கள் நிறைய. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 1947-ல் நடந்த இலங்கைப் பொதுத் தேர்தலில் தோட்டத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் துணையாக இருந்தார்கள். அடுத்த ஆண்டே ஆளுங்கட்சி குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து ஓட்டுரிமையும் போனது.

1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் டெல்லியில் உட்கார்ந்து அவர்களைப் பங்கு பிரித்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வது. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் லால் பகதூர் சாஸ்திரி. 1956 அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டவர் என்று இந்தப் பகுதி மரியாதையோடு நினைக்கும் அதே மனிதர். அவருடைய நேர்மையில் குறை காண இதைச் சொல்லவில்லை. அந்த மேசையில் தோட்டத் தொழிலாளிக்காகப் பேச ஆள் இல்லை. கொழும்பிலும் அவருக்கு ஓட்டு இல்லை, டெல்லியிலும் இல்லை. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.

கச்சத்தீவு: மேடையில் ஒன்று, நீதிமன்றத்தில் ஒன்று

அதே 1974-ல்தான் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. ஐம்பது ஆண்டு கழித்து, 2024 மார்ச் 31 அன்று பிரதமர் மோடி அதை எழுப்பினார். காங்கிரஸ் தீவைத் தாரைவார்த்தது என்றார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களைக் கூட்டித் தி.மு.க.வுக்கும் அதில் பங்கு உண்டு என்றார். ஏப்ரல் 19 அன்று தமிழகத்தில் வாக்குப்பதிவு.

ஆனால் 2014-ல், இதே மோடி அரசின் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி உச்ச நீதிமன்றத்தில் வேறு மாதிரி பேசியிருந்தார். தீவைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் வாதம். 2024 தேர்தலில் 39 இடங்களையும் தி.மு.க. கூட்டணி எடுத்தது. 2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பு போனார். மீனவர் பிரச்சினையை மனிதாபிமானத்தோடு பார்க்க வேண்டும் என்று பேசினார், பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. கையெழுத்தானவற்றில் கச்சத்தீவு இல்லை.

மேடைப் பேச்சுக்கு எதிர்க்கரையிலும் காது உண்டு. 2025 ஆகஸ்டில் நடிகர் விஜய் தன் கட்சி மாநாட்டில் கச்சத்தீவை மீட்கச் சொன்னார். செப்டம்பர் முதல் நாள் இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க அந்தத் தீவிலேயே போய் இறங்கினார். நம் தலைவர்களுக்குத் தமிழகத்தில் ஓட்டு இருப்பதுபோல அவருக்கும் அவர் நாட்டில் ஓட்டு இருக்கிறது. இரண்டு கரையிலும் பேச்சு ஏற ஏற, நடுக்கடலில் பிடிபடும் மீனவருக்காகப் பேச்சுவார்த்தை நடத்துவது கடினமாகிறது.

பக்கத்து நாட்டுத் தேர்தல் நம்மையும் தொடும்

2025 ஜூலை 27 அன்று பிரதமர் அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்தார். ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்புக்கு ஆயிரமாண்டு விழா. முந்தின நாள்தான் மாலத்தீவிலிருந்து அவர் திரும்பியிருந்தார். அந்தத் தற்செயலை மேடையிலும் குறிப்பிட்டார்.

அந்த மாலத்தீவில் 2023-ல் முய்சு அதிபரானது இந்தியாவை வெளியேற்றுவோம் என்ற முழக்கத்தோடு. 2024 மே மாதத்துக்குள் அங்கிருந்த இந்திய ராணுவத்தினர் திரும்பிவிட்டார்கள். ஆனால் மாலத்தீவின் கஜானாவில் டாலர் தட்டுப்பாடு. 2024 அக்டோபரில் முய்சு டெல்லி வந்து 40 கோடி டாலர் அந்நியச் செலாவணி உதவிக்கு ஏற்பாடு செய்துகொண்டார். 2025 ஜூலையில் தன் நாட்டுச் சுதந்திர தின விழாவுக்கு மோடியையே சிறப்பு விருந்தினராக அழைத்தார். இந்தியா 4,850 கோடி ரூபாய் கடன் வசதி அறிவித்தது. தேர்தல் முழக்கம் ஓராண்டு ஓடியது. கடன் கணக்கு அதைத் திருப்பிவிட்டது.

கங்கைகொண்ட சோழபுரத்து விழாவையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். தென்கிழக்கு ஆசியாவுக்கு இந்தியாவின் பழைய கடல் உறவை நினைவூட்டியது வெளியுறவு. 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு ஓராண்டுக்குள் தமிழ் மண்ணில் சோழர் பெருமை பேசியது உள்நாட்டு அரசியல். ஒரே மேடை இரண்டு வேலை செய்தது. இதில் தவறு ஏதுமில்லை. பார்ப்பவருக்கு இரண்டும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மக்காச்சோளத்துக்கு ஒரு நியாயம், பருத்திக்கு ஒரு நியாயம்

இலங்கை விவகாரம் உணர்வைத் தொடுகிறது. வயலைத் தொடும் வெளியுறவும் உண்டு. தமிழகத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முக்கியமானது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது முதலில் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக மேலும் 25 சதவீதமும் வரி போட்டது. பேச்சுவார்த்தையில் அமெரிக்கா கேட்ட பொருட்களில் ஒன்று மக்காச்சோளச் சந்தை. 140 கோடிப் பேர் இருக்கும் நாடு எங்களிடம் ஏன் மக்காச்சோளம் வாங்குவதில்லை என்று அந்நாட்டு வர்த்தக அமைச்சர் வெளிப்படையாகவே கேட்டார். அங்கே மக்காச்சோளம் விளைவிக்கும் மாநிலங்களில் பல டிரம்பின் ஓட்டு வங்கி. இங்கேயும் அப்படித்தான். மக்காச்சோளம் ஏராளமாக விளையும் பீகாரில் அந்த நவம்பரில் தேர்தல். அமெரிக்க மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது என்ற தடையும் சேர்ந்துகொண்டது. விவசாயிகள், மீனவர்கள், பால் உற்பத்தியாளர்கள் நலனில் சமரசம் கிடையாது, அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்கவும் தயார் என்றார் மோடி. 2019-ல் ஆசியாவின் பெரிய வர்த்தக ஒப்பந்தமான ஆர்செப்பிலிருந்து இந்தியா கடைசி நேரத்தில் விலகியதிலும் பால் உற்பத்தியாளர்களின் எதிர்ப்புக்குப் பெரிய பங்கு இருந்தது.

ஆனால் அதே ஆகஸ்டில், பஞ்சு இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கியது. முதலில் செப்டம்பர் வரை என்றது, பிறகு டிசம்பர் வரை நீட்டியது. அமெரிக்க வரியால் அடிவாங்கிய ஜவுளி ஏற்றுமதியாளர்களுக்கு மலிவான பஞ்சு வேண்டும். உள்ளூர்ப் பருத்தியின் விலை விழும் என்று விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. திருப்பூரின் பின்னலாடைக்கும் தொழிலாளர்களுக்கும் அது நிம்மதி, பருத்தி விவசாயிக்குக் கவலை.

ஒரே மாதத்தில் ஒரே அரசு மக்காச்சோளத்துக்கு அரணாக நின்று, பருத்திக்கு வாசலைத் திறந்தது ஏன்? மக்காச்சோளத்தில் இறக்குமதி வேண்டும் என்று கேட்கும் குரல் இங்கே அவ்வளவு பலமாக இல்லை. பருத்தியில் மில்காரர், ஏற்றுமதியாளர், தொழிலாளர் என்று எதிர்த்தரப்பிலும் ஆள்பலமும் பணபலமும் இருந்தன. உள்நாட்டில் எல்லோரும் ஒரு பக்கம் நின்றால் அரசு வெளிநாட்டிடம் உறுதியாக இருக்கும். உள்ளே பிளவு இருந்தால் சங்கம் வலுவாக உள்ள பக்கம் சாயும்.

மாநிலத்தின் கையில் நேரடி அதிகாரம் இருந்தால் நிலைமை இன்னும் மாறும். 2011-ல் மன்மோகன் சிங் டாக்கா போகும் நேரத்தில் அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்ததால் வங்கதேசத்துடனான தீஸ்தா நதி ஒப்பந்தம் அப்படியே நின்றது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். மாறாக 2008-ல் இடதுசாரிகள் ஆதரவை விலக்கியும் அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தம் நிற்கவில்லை. 275-க்கு 256 என்ற ஓட்டில் அரசு தப்பித்தது, அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாற்று ஆதரவு கிடைத்தால் எந்த மிரட்டலும் பலிக்காது.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். ஆட்சிக்கு அந்த எம்.பி.க்கள் தேவைப்பட வேண்டும். அவர்கள் உண்மையிலேயே விலகுவார்கள் என்ற பயம் இருக்க வேண்டும். கேட்பது அதிகச் செலவில்லாததாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடும்போது ஓட்டு வெளியுறவை அசைக்கும். ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்குவதும், ஒரு மாநாட்டுக்குப் பிரதமர் போகாமலிருப்பதும் அப்படிக் கிடைத்தவை. போரை நிறுத்துவதும், கையெழுத்தான எல்லையைத் திருத்துவதும் அந்த வகையில் வராது. அவற்றைத் தருவதாக மேடையில் சொல்பவர் பெரும்பாலும் ஓட்டை மட்டுமே வாங்கிப் போகிறார்.

ஆகவே அடுத்த தேர்தலில் வெளிநாட்டு விவகாரம் பேசி யாராவது உங்கள் தெருவுக்கு வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். இது மாநில அரசின் அதிகாரமா, மத்திய அரசுடையதா? நாடாளுமன்றத்தில் உங்கள் கட்சியின் ஆதரவு அரசுக்குத் தேவைப்படுமா? முடியாது என்று டெல்லி சொன்னால் பதவியை விடுவீர்களா? இதே விஷயத்தில் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உங்கள் கட்சி முன்பு என்ன சொன்னது?

நான்காவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் பொது ஆவணங்களில் இருக்கும். ஓட்டுப் போடும் முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.